லெகோ பந்தயக் கார்களை வீட்டில் காட்சிக்கு வைப்பது: அளவெடுப்பது முதல் தூசி தட்டுவது வரை

பந்தயக் கார் தாழ்வானது, நீளமானது. அதன் அழகு மேல்பக்கத்திலும் விலாப்பக்கத்திலும் இருக்கிறது: மூக்கில் எண், எஞ்சின் மூடியில் அணியின் நிறம், பக்கவாட்டில் விளம்பர ஸ்டிக்கர்கள். நம் வீட்டு அலமாரிகளோ புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் செய்யப்பட்டவை. தட்டுக்குத் தட்டு 30 செ.மீ. இடைவெளி இருக்கும், அதில் 5 செ.மீ. உயரமுள்ள காரை வைத்தால் கண்ணுக்குத் தெரிவது முன் பம்பரும் அதற்கு மேல் 25 செ.மீ. வெற்றிடமும்தான். தட்டுகளின் இடைவெளி, காரின் சாய்வு, கதவு ஆகிய மூன்றையும் சரியாகத் தீர்மானித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கீழே உள்ள கணக்குகள் லெகோவின் ஸ்பீட் சாம்பியன்ஸ் (சிறிய கார்கள்), டெக்னிக் (பெரிய கார்கள்) வரிசைகளுக்கானவை. வேறு நிறுவனத்தின் கார் என்றால் முறை அதேதான், அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் கார்களை அளந்து வகை பிரியுங்கள்

லெகோ பாகத்தின் மேலுள்ள வட்டக் குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 8 மி.மீ. ஒரு பிரிக்கின் (செங்கல் போன்ற அடிப்படைப் பாகம்) உயரம் 9.6 மி.மீ., பிளேட்டின் (தட்டையான பாகம்) உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. இந்த மூன்று எண்களை வைத்தே பெரும்பாலான கணக்கைப் போட்டுவிடலாம்.

ஸ்பீட் சாம்பியன்ஸ் 2015-இல் வந்தபோது கார்கள் 6 ஸ்டட் அகலம், அதாவது 4.8 செ.மீ. 2020 முதல் 8 ஸ்டட், அதாவது 6.4 செ.மீ. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் பெரும்பாலும் 15 முதல் 17 செ.மீ., உயரம் 4 முதல் 5 செ.மீ. 2025-இல் வெளிவந்த பத்து ஃபார்முலா 1 கார்கள் இதைவிட நீளம். 20 × 8 செ.மீ. இடம் ஒதுக்குங்கள்.

டெக்னிக் கார்கள் வேறு ரகம். 1:8 அளவில் வந்த புகாட்டி ஷிரோன் (2018, 3,599 பாகங்கள்), லம்போர்கினி சியான் (2020, 3,696 பாகங்கள்), ஃபெராரி டேடோனா எஸ்பி3 (2022, 3,778 பாகங்கள்) மூன்றும் 56 முதல் 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். 2022-இன் மெக்லாரன் ஃபார்முலா 1 கார் 65 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். கடையில் வாங்கும் புத்தக அலமாரியின் ஆழம் 28 செ.மீ. என்று போட்டிருந்தால் அது வெளி அளவு. உள்ளே 26 செ.மீ.தான் கிடைக்கும், இந்த மெக்லாரன் அதில் அடங்காது, சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு கதவை மூடவிடாது. பெரிய கார் ஒன்றாவது இருந்தால், அலமாரியின் ஆழத்தை அந்தக் காரை வைத்தே முடிவு செய்யுங்கள்.

6 ஸ்டட் காரையும் 8 ஸ்டட் காரையும் ஒரே தட்டில் கலந்து வைக்க வேண்டாம். பழையது பொம்மையாகவும் புதியது பூதமாகவும் தெரியும். 2017-இல் வந்த 1966 ஃபோர்டு ஜிடி40 போன்ற பழைய கார்களுக்குத் தனித் தட்டு ஒதுக்கினால் அவற்றுக்கும் மரியாதை.

படி 2: எப்படி நிறுத்தப் போகிறீர்கள்?

உள் அகலம் 76 செ.மீ. உள்ள தட்டில் 16 × 7 செ.மீ. கார்களை, சுமார் 2.5 செ.மீ. இடைவெளி விட்டு, மூன்று விதமாக நிறுத்தலாம்.

பக்கவாட்டில் நிறுத்தினால் 4 கார். விலா முழுதும் தெரியும், ஆனால் இடம் வீண். மூக்கு வெளியே பார்க்க நேராக நிறுத்தினால் 8 கார். எண்ணிக்கை கூடும், ஆனால் எல்லாக் காரும் ஒரே முகமாகத் தெரியும், வாகன நிறுத்துமிடம் போல.

மூன்றாவது, 30 டிகிரி திருப்பி வரிசையாக நிறுத்துவது. ஒரு காருக்கும் அடுத்ததற்கும் தட்டின் விளிம்பு வழியே 11 செ.மீ. தேவை, முதல் கார் மட்டும் 14 செ.மீ. பிடிக்கும். ஆக 6 கார், அகலம் 69 செ.மீ. தேவையான ஆழம் 17.5 செ.மீ.; ஃபார்முலா 1 காருக்கு 21.5 செ.மீ. முகமும் விலாவும் சேர்ந்து தெரிவது இதில் மட்டும்தான். இரண்டு கார் குறைந்தாலும் இதையே தேர்ந்தெடுங்கள். எல்லாக் காரும் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். அட்டையில் 30 டிகிரி முக்கோணம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு காரையும் அதை ஒட்டி நிறுத்துங்கள்.

படி 3: அலமாரி

30 சிறிய கார்களுக்கும் ஒரு பெரிய காருக்கும் ஆசாரியிடம் கொடுக்கத்தக்க அளவு இது. உள் அகலம் 76 செ.மீ., உள் ஆழம் 32 செ.மீ. தரையிலிருந்து 40 செ.மீ. வரை இழுப்பறை, பெட்டிகளும் வழிமுறைப் புத்தகங்களும் உதிரிப் பாகங்களும் அதில் போகும். 40 முதல் 70 வரை டெக்னிக் காருக்கு. அதற்கு மேல் 5 கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே 16 செ.மீ. வெளி. மொத்த உயரம் சுமார் 153 செ.மீ. இதற்கு மேல் போக வேண்டாம். கண்ணுக்கு மேலே போகும் தட்டில் காரின் வயிறுதான் தெரியும்.

கண்ணாடித் தட்டின் ஆழம் 32 அல்ல, 26 செ.மீ. கதவுக்கும் தட்டுக்கும் நடுவில் விடும் அந்த 6 செ.மீ. வழியாகத்தான் விளக்கின் வெளிச்சம் எல்லாத் தட்டுக்கும் இறங்கும்.

தட்டுக்கு 6 மி.மீ. டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி போதும். 76 × 26 செ.மீ. தட்டு ஒன்றின் எடை 3 கிலோ. அதன் மேல் நிற்கும் ஆறு கார்கள் அதில் பாதிதான் இருக்கும். ஆகவே கிளிப்பும் ஆணியும் காரின் எடையை அல்ல, கண்ணாடியின் எடையைத் தாங்கும்படி இருக்க வேண்டும். டஃபன்டு செய்த கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, உடைந்து நொறுங்கிவிடும். அதனால் மரவேலை முடிந்த பிறகு மூன்று இடங்களில் அகலத்தை அளந்து, மிகக் குறைந்த அளவில் 3 மி.மீ. கழித்து ஆர்டர் கொடுங்கள். படத்தில் உள்ள அளவை வைத்துக் கண்ணாடிக்குச் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கண்ணாடிக்குப் பதிலாக 3 மி.மீ. அக்ரிலிக் போடலாமே என்று கடையில் சொல்வார்கள். 76 செ.மீ. நீளத்துக்கு அது சில மாதங்களில் நடுவில் தொய்ந்துவிடும். பாரம் எடுத்தாலும் பழைய நிலைக்கு வராது. சிறிய மூடிப்பெட்டிக்கு அக்ரிலிக் நல்லது, தட்டுக்கு வேண்டாம்.

மரம் எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) ஆக இருந்தால் கடலோர ஊர்களில் மழைக்காலம் அதைச் சோதித்துவிடும். ஈரம் ஏறி விளிம்பு உப்பினால் கதவு பொருந்தாது. பிடபிள்யூபி (கொதிநீர் தாங்கும்) தரப் பிளைவுட், 18 மி.மீ., உள்ளே மேட் மைக்கா. உள் நிறம் நடுத்தரச் சாம்பல். கறுப்பு மைக்காதான் எடுப்பு என்று தோன்றும். ஆனால் டயர், பின்சிறகு, தரைத்தட்டு எல்லாமே கறுப்பு. எல்லாம் பின்னணியில் கரைந்து, காரின் பாதி காணாமல் போகும்.

கதவு நழுவும் வகையா, கீல் வகையா? கீல்தான். நழுவும் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் எப்போதும் சில மில்லிமீட்டர் சந்து இருக்கும், தூசிக்கு அது போதும். கீல் கதவின் நான்கு ஓரத்திலும் ஒட்டும் ஃபோம் டேப் அல்லது பிரஷ் சீல் ஒட்டுங்கள். பின்பலகையில் ஒயர் போகும் துளையையும் அடைக்க மறக்காதீர்கள். பல்லிக்குட்டி நுழைய அந்தத் துளை தாராளம். வெள்ளைக் காரின் மேல் பல்லி எச்சம் காய்ந்துவிட்டால் சுரண்டாமல் போகாது.

சுவரில் மாட்டும் அலமாரி என்றால் சுவர் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செங்கல் சுவரில் 8 மி.மீ. பிளக் நன்றாகப் பிடிக்கும். ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் உள்ள இலகு கான்கிரீட் கல்) சுவரில் அதே பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென உள்ள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். ரசமட்டம் பார்க்காமல் ஆணி இறக்கக் கூடாது. கார் உருளும் பொருள். அரை டிகிரி சாய்வு போதும், கதவைச் சாத்தும் அதிர்வில் மெல்ல நகர்ந்து பக்கத்துக் காரில் இடித்து நிற்கும்.

படி 4: சாய்வு மேடை

எல்லாத் தட்டுக்கும் சாய்வு தேவையில்லை. 70, 87 செ.மீ. உயரத்தில் உள்ள தட்டுகளை நின்றபடி பார்த்தால் கூரை தானாகவே தெரியும். அங்கே கார்களைத் தட்டையாக வையுங்கள். 103 செ.மீ. தட்டில் சுமார் 14 டிகிரி. 120, 136 செ.மீ. தட்டுகளில் 20 முதல் 26 டிகிரி. தட்டு கண் மட்டத்தை நெருங்க நெருங்க சாய்வு கூட வேண்டும். உயரத்தைப் பார்க்காமல் எல்லா மேடையையும் ஒரே மாதிரி கட்டினால் பாகங்களும் பணமும் வீண்.

26 டிகிரி மேடை ஒன்றுக்கு வேண்டியவை: 6×16 பிளேட் 1, 4×12 பிளேட் 1, கீல் பிரிக் 2 ஜோடி (அடி 1×2, மேல்தட்டு 2×2), 2×4 பிரிக் 5, 2×4 டைல் (மேலே ஸ்டட் இல்லாத வழுவழுப்பான பாகம்) 1. இரண்டு தட்டுக்கு 12 மேடை என்றால் 2×4 பிரிக் மட்டும் 60 வேண்டும். அவை எந்த நிறமானாலும் மறைந்துவிடும், இருக்கும் பழைய பிரிக்குகளைப் போடுங்கள்.

கட்டும் முறை:

1. 6×16 பிளேட்டின் முன் ஓரத்தில் இரண்டு கீல்களையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துங்கள்.
2. கீல்களின் மேல் 4×12 பிளேட்டின் முன் ஓரத்தை அழுத்துங்கள்.
3. கீலிலிருந்து 10 ஸ்டட், அதாவது 8 செ.மீ. தள்ளி, 2×4 பிரிக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் எழுப்புங்கள்; உச்சியில் டைல்.
4. மேல் பிளேட்டைத் தூக்கித் தூணின் மேல் சாய்த்து வையுங்கள். காரின் வயிற்றை அதில் மெல்ல அழுத்துங்கள்.

கீலே ஒரு பிரிக் உயரம் என்பதால் தூணின் ஐந்து பிரிக்கில் நான்குதான் உண்மையான ஏற்றம். ஏற்றம் 2 பிரிக் என்றால் சாய்வு சுமார் 14 டிகிரி, 3 என்றால் 20, 4 என்றால் 26. நீளமான ஃபார்முலா 1 கார்களுக்கு 3 பிரிக்கோடு நிறுத்துங்கள். இல்லையேல் பின்சிறகு மேல் தட்டைத் தொடும் அளவுக்குப் போய்விடும்.

மேல் பிளேட் ஏன் 4 ஸ்டட் அகலம்? அது சக்கரங்களுக்கு நடுவே புகுந்து, கார் வயிற்றால் உட்காரும். சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். 6 ஸ்டட் போட்டால் சக்கரம் பிளேட்டின் மேல் ஏறி, கார் உருண்டு இறங்கிவிடும். தூண் இல்லாமல் கீலின் பிடிப்பை மட்டும் நம்பினால் முதல் நாள் நிற்கும், பிறகு மெல்லத் தாழும். சில கார்களின் அடிப்பகுதியில் டைல் பதித்து வழுவழுப்பாக இருக்கும், ஸ்டட் பிடிக்காது. அவற்றைப் பின் அச்சோடு சேர்த்து மெல்லிய தூண்டில் நரம்பால் மேடையில் ஒரு சுற்றுக் கட்டிவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் நரம்பு தெரியாது. இரட்டைப் பக்க டேப்பும் ஒட்டுக் களிமண்ணும் வேண்டாம். வெயில் காலத்தில் பசை இளகி வழியும், எடுக்கும்போது பிரிக்கோடு ஒட்டிக்கொண்டு வரும்.

படி 5: பெரிய டெக்னிக் கார்

3,500 பாகங்களுக்கு மேல் உள்ள கார் 3 கிலோ அளவுக்கு வரலாம். சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இந்த எடை முழுதும் நான்கு பிளாஸ்டிக் அச்சுகளில் இறங்கி நாள்கணக்கில் நின்றால் அச்சு வளைந்து, சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாயும், டயரின் அடி தட்டையாகும். காரின் நடு உடலுக்குக் கீழே, முன்னும் பின்னும், பிரிக்கால் இரண்டு முட்டுக் கொடுங்கள். சக்கரம் தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரமே சரி. எடுத்துப் பார்த்தால் காகிதம் ஒன்று டயருக்குக் கீழே நழுவ வேண்டும்.

சுவரில் தொங்கவிடும் ஆசை இருந்தால் கொக்கி மாட்ட வேண்டிய இடம் சட்டகத்தின் நீண்ட பீம்கள்தான். கதவு, பானட், பின்சிறகு ஆகியவை இரண்டு மூன்று பின்களில் நிற்பவை. அவற்றில் பாரம் இறங்கினால் ஒருநாள் ராத்திரி சத்தம் கேட்கும். குறைந்தது நான்கு கொக்கி, கார் எடையைப் போல மூன்று மடங்கு தாங்கும் ஆணி. படுக்கைக்கு மேலே மாட்ட வேண்டாம்.

படி 6: வரிசையும் தரையும்

பத்து ஃபார்முலா 1 கார்களும் 2024 பருவத்தில் ஓடியவை. ஆகவே அந்த ஆண்டின் அணிப் பட்டியல் வரிசையிலேயே நிறுத்தலாம்: மெக்லாரன், ஃபெராரி, ரெட் புல், மெர்சிடிஸ், ஆஸ்டன் மார்ட்டின், ஆல்பைன், ஹாஸ், ஆர்பி, வில்லியம்ஸ், சாபர். உண்மையான தொடக்கக் கட்டத்தில் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் 8 மீட்டர். இந்தக் கார்களின் அளவு ஏறத்தாழ 1:28. கணக்குப்படி ஒவ்வொன்றுக்கும் 28 செ.மீ. தள்ளி நிறுத்தினால் பத்துக்கும் 2.8 மீட்டர் நீளம் வேண்டும். ஹால் சுவர் முழுக்க ஒற்றைத் தட்டு ஓடவிட முடிந்தால் அருமை. இல்லாவிட்டால் 11 செ.மீ. ஆகச் சுருக்குங்கள், இடது வலதாக மாறி மாறி நிற்கும் அமைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தனி மேடைக்குத் தகுதியான ஜோடி ஒன்று உண்டு: 2024-இல் வந்த மெக்லாரன் எம்பி4/4, 2025-இல் வந்த வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி. முதலாவது 1988-இன் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற கார், ஆயர்ட்டன் சென்னா உருவத்தோடு வருகிறது. இரண்டாவதில் நைஜல் மான்செல் 1992-இல் உலகப் பட்டம் வென்றார். இரண்டும் ஸ்பீட் சாம்பியன்ஸைவிடப் பெரியவை. சிறியவற்றுக்கு நடுவில் செருகாமல் ஒரு தட்டை முழுதாகக் கொடுங்கள்.

தார்ச்சாலைக்கு பிரிக் பதிப்பது செலவு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்), 220 எண், இந்த அளவுக்கு அச்சு அசலாகத் தார் போலவே இருக்கும். ஒரு தாள் 23 × 28 செ.மீ.; 76 செ.மீ. தட்டுக்கு மூன்று தாள். கட்டக் கோடுகளை வெள்ளை பெயின்ட் மார்க்கரால் வரையலாம். இன்னொரு நன்மையும் உண்டு. ரப்பர் டயர் வார்னிஷ் பூச்சிலோ பிளாஸ்டிக் பரப்பிலோ வருடக்கணக்கில் அழுந்தி நின்றால் ரப்பரில் உள்ள மென்மையூட்டி கசிந்து கறை படியும், சில சமயம் டயரே ஒட்டிக்கொள்ளும். நடுவில் தாள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதன் மேல் காரை உருட்டி விளையாடாமல் இருந்தால் சரி.

படி 7: விளக்கு

எல்லோரும் எல்இடி ஸ்ட்ரிப்பைப் பின்பலகையில் ஒட்டுவார்கள். அது காரின் முதுகைக் காட்டி, முகத்தை இருட்டாக்கும். கதவை ஒட்டி, உள்பக்கம், இரு ஓரத்திலும் செங்குத்தாக அலுமினிய புரொஃபைலுக்குள் ஸ்ட்ரிப்பை வைத்து, மூடி போட்டு, 45 டிகிரி உள்நோக்கித் திருப்புங்கள். இரு ஓரத்துக்கும் சேர்த்து 2.3 மீட்டர், மீட்டருக்கு 4.8 வாட் என்றால் 11 வாட். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம், ஆனால் அது அலமாரிக்கு வெளியே இருக்கட்டும். நிறம் 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90. மஞ்சள் விளக்கில் வெள்ளைக் கார் பழசாகவும், ஃபெராரி சிவப்பும் மெக்லாரன் ஆரஞ்சும் ஒன்றுபோலவும் தெரியும்.

படி 8: வெயில், புகை, தூசி

லெகோ பிரிக் ஏபிஎஸ் பிளாஸ்டிக். புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளையும் வெளிர் சாம்பலும் நீலமும் நிறம் மாறும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை முழுதாகத் தடுக்காது. மேற்கு வெயில் விழும் சுவரை விட்டுவிடுங்கள். வேறு சுவர் இல்லையென்றால் ஜன்னலுக்கு யுவி ஃபிலிம்.

பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் சமையலறை வாசலுக்கு எதிரிலும் வைக்க வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் தாளிப்பு ஆவியும் மெல்லிய பிசுக்காகப் படியும். அதன் மேல் உட்காரும் தூசி பிரஷுக்கு அசையாது.

உலர்ந்த தூசிக்கு ஒரு அங்குல மென்மையான பெயின்ட் பிரஷ், கேமராவுக்கான ரப்பர் ஊதி இரண்டும் போதும். மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பிசுக்குப் படிந்த காரைப் பிரித்து, ஸ்டிக்கர் இல்லாத பாகங்களை மட்டும் 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில், பாத்திர சோப்பு சில துளி விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஸ்டிக்கர் உள்ளவற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் காரின் கண்ணாடிப் பாகத்திலும் அக்ரிலிக் பெட்டியிலும் மயிரிழை விரிசல் விடும். அலமாரிக் கதவுக்குக்கூட அதைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், உள்ளே பீய்ச்ச வேண்டாம்.

மழைக்காலத்தில் வளைந்த பாகங்களில் ஸ்டிக்கர் ஓரம் தூக்கும். தட்டுக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் மறைவாக வைத்து, ஐப்பசி பிறக்கும் முன் மாற்றுங்கள். தூக்கிய ஓரத்தை விரலால் அழுத்தி ஒரு நாள் டிஷ்யூவோடு கட்டி வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். ஹேர் டிரையர் பிடித்தால் ஸ்டிக்கர் சுருங்கி, அச்சு எழுத்து கோணலாகும்.

வீடு மாற்றும்போது முதலில் பின்சிறகையும் பக்கக் கண்ணாடிகளையும் கழற்றித் தனிப் பையில் போட்டு, செட் எண்ணை எழுதிவிடுங்கள். பிறகு காரைச் சமையலறை கிளிங் ஃபிலிமால் இறுக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கழன்றது அதற்குள்ளேயே கிடக்கும். அந்தப் பெட்டியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம்.